வடக்கே போகிற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மோட்டார் சைக்கிளில் போக நீ போட்டு அனுப்பின பாதையைப் பார்த்தேன். சுவீடனில் கொத்தன்பேர்க்கில் தொடங்கி ஈ45 பெருவீதியைப் பிடித்து ஒஸ்டர்சுண்ட், யொக்மொக், கௌதொகெய்னோ வழியாக நோர்வேயின் அல்தா, அங்கிருந்து வடகோடி முனையான நோர்ட்கப், அப்புறம் மேற்கே திரும்பி நார்விக், லோபோட்டன் தீவுகள், கடைசியில் ஈ6-இல் ஒஸ்லோவுக்கு எங்களிடம். எல்லாம் இரண்டு கிழமைக்குள். போக வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அம்மாவுக்குப் பயம், எனக்கும் இல்லாமல் இல்லை, ஆனாலும் நீ போகத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நோர்ட்கப்போடு திரும்பிவிடாதே. லோபோட்டனை இன்னொரு வருடத்துக்கு வை. அந்த நாட்களை எடுத்துக் கிழக்கே, நோர்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கிற வராங்கருக்குப் போ.

நோர்ட்கப் நல்ல இடம்தான். 307 மீற்றர் உயரப் பாறை, கீழே வெறும் கடல், மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை இரவிலும் வெயில். ஆனால் அங்கே பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற சனத்தோடு நின்று, அங்கே நிற்கிற இரும்புப் பூமி உருண்டைக்கு முன்னால் படம் எடுத்துவிட்டு வருவதற்காகவா இவ்வளவு தூரம்? ஐரோப்பாவின் வடக்கு முனை என்று சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் இருக்கிற க்னிவ்ஷெல்லொடன் முனை அதைவிடக் கொஞ்சம் வடக்கே போகிறது, அதற்கு வீதி இல்லை, நடந்துதான் போக வேண்டும், போக 9 கிலோமீற்றர், வர 9. கால் இருந்தால் அதற்கு ஒரு நாள் கொடு.

அடுத்தது தூரக் கணக்கு. ஒரு நாளைக்கு 500 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறாய். சுவீடன் காட்டுக்குள் நேர் வீதியில் அது சரிவரும். ஓல்டர்பியோர்டில் ஈ6-ஐ விட்டு ஈ69-இல் ஏறினால் நோர்ட்கப்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர், ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் போர்சாங்கர் கடல், காற்று பக்கவாட்டில் வந்து அடித்தால் 80-இல் போகவே மனம் வராது. வந்த வழியேதான் திரும்பவும் வேண்டும். அதனால் கிலோமீற்றரை விட்டு மணித்தியாலத்தில் கணக்குப் போடு, இரண்டு நாளைச் சும்மா வைத்திரு. மழையும் காற்றும் அந்த இரண்டு நாளையும் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அந்த வழியில்தான் கடலுக்கு அடியால் போகிற சுரங்கம். 6.9 கிலோமீற்றர், ஆழத்தில் 212 மீற்றர். ஒரேயடியாக இறக்கம், பிறகு ஒரேயடியாக ஏற்றம், உள்ளே குளிரும் ஈரமும். வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்தவுடன் கண் பிடிபடாது, ஹெல்மெற் கண்ணாடியிலும் ஆவி படியும், முன்கூட்டியே வேகத்தைக் குறை. இன்னொன்று, வெக்கையான நாட்களில் துருவமான்கள் பூச்சிக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிச் சுரங்கங்களுக்குள் வந்து நிற்கும், படுத்தும் கிடக்கும். சாம்பல் நிறத்தில் சாம்பல் வீதியில் நிற்கிற மானைக் காரிலிருந்தே பிந்தித்தான் காண்போம். ஒன்று வீதியைக் கடந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்காதே, பின்னால் இன்னும் வரும். ஹோர்ன் அடித்தால் ஒதுங்காமல் வீதியிலேயே உனக்கு முன்னால் ஓடும். நின்றுவிடு, அவை போகட்டும். தெற்கே காட்டுப்பக்கம் எல்க் மான் இன்னும் மோசம், அது குதிரை உயரம், அந்தி நேரத்தில் அந்தக் காட்டுக்குள் ஓடவே வேண்டாம்.

உடுப்பை அடுக்கடுக்காகக் கொண்டு போ. உள்நாட்டுக் கராஷோக்கில் 28 பாகை வெயிலில் வியர்த்து வடிந்துவிட்டு அன்று மாலையே கரையில் 8 பாகையில் நடுங்குவாய். உள்நாட்டில் ஜூலையில் நுளம்பு சொல்லி மாளாது, தலைக்குப் போடுகிற வலை இல்லாமல் கூடாரம் அடிக்க முடியாது, கரைக்கு வந்தால் காற்று அதுகளைத் தள்ளிவிடும். நோர்வேயில் பயிர் செய்யாத வெளிகளில் கூடாரம் அடிக்கலாம், ஆட்கள் இருக்கிற வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி இருந்தால் போதும், அதுதான் சட்டம். ஆனால் மோட்டார் சைக்கிளை வீதியை விட்டுப் புல்லில் இறக்கக் கூடாது, அந்தப் பாசி அழிந்தால் திரும்ப வளர வருடக்கணக்காகும், மானுக்குச் சாப்பாடும் அதுதான். பெற்றோல் பாதி இறங்கினால் எந்த இடமென்றாலும் நிரப்பு, அடுத்த ஊர் என்று நீ நினைக்கிற இடம் நாலு வீடாகவும் இருக்கலாம்.

சரி, கிழக்குக்கு வருகிறேன். லக்செல்வ் என்ற ஊரிலிருந்து இபியோர்ட் மலை வழியாகத் தானா ப்ரூ என்ற ஊருக்குப் போ. மரமே இல்லாத மலை, ஜூன் தொடக்கத்திலும் பனி கிடக்கும், ஆகவே ஜூன் கடைசிக்கு முன் போகாதே. தானா ப்ரூவிலிருந்து நூறு கிலோமீற்றர் சொச்சம் போனால் போட்ஸ்பியோர்ட். உனக்கு அந்த ஊர் நினைவில்லை, கைக்குழந்தையாகத்தான் உன்னை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தோம். 1980களின் கடைசியில் எங்கள் சனம் நோர்வேக்கு வந்தபோது இந்த வடகோடி மாவட்டமான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான் ஆள் தேவையாக இருந்தது, அதனால் யாழ்ப்பாணத்து ஆட்கள் வார்டோவிலும் ஹம்மர்பெஸ்டிலும் போட்ஸ்பியோர்டிலும் போய் இறங்கினோம். ரப்பர் சப்பாத்து, வெள்ளை அங்கி, முன்னால் வெளிச்சம் பொருத்திய மேசை, அந்த வெளிச்சத்தில் கொட் மீன் துண்டைப் பிடித்தால் புழுவும் முள்ளும் தெரியும், கத்தி முனையால் எடுத்துவிட்டு அடுத்த துண்டு. விரல் விறைத்துப்போனால் பக்கத்தில் சுடுதண்ணி வாளி. கஷ்டம்தான், ஆனால் அந்த ஊர்ச் சனம் எங்களை ஒதுக்கவில்லை. மலைவீதி பனியில் மூடினால், பனி வழிக்கிற வண்டி முன்னால் போக அதன் பின்னால் வரிசையாகத்தான் கார்கள் போகலாம். அப்படித்தான் உன் அம்மாவை உன்னைப் பெறக் கிர்க்கனெஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நீ கோடையில் அதே வீதியில் ஓடும்போது, ஓரத்தில் நடுகிற நீளக் குச்சிகளை எங்கேயாவது கண்டால் பார், பனி எவ்வளவு உயரம் வரும் என்று தெரியும்.

அதற்குப் பிறகு வார்டோ. அங்கேயும் கடலடிச் சுரங்கம்தான், 1982-இல் திறந்தது, நோர்வேயின் முதலாவது. ஊரின் கரையில் ஒரு நினைவிடம், 17ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர் என்று பழி சுமத்திக் கொன்ற 91 பேருக்காகக் கட்டினது. நீளமான இருண்ட நடை, 91 சின்ன யன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மின்குமிழ், பக்கத்தில் அந்த ஆளின் வழக்கு. அவசரப்படாமல் ஒவ்வொன்றாக வாசி. வார்டோவிலிருந்து ஹாம்னிங்பெர்க் வரை ஒடுங்கின வீதி போகும், செங்குத்தாக நிற்கிற கரும்பாறைகளுக்கு நடுவால், நோர்வேயில் எனக்கு அதைவிடப் பிடித்த வீதி இல்லை. 1944-இல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது பின்மார்க்கை ஊர் ஊராக எரித்தது, நோர்ட்கப்புக்குப் பக்கத்து ஊரான ஹொன்னிங்ஸ்வோக்கில் தேவாலயம் மட்டும்தான் மிஞ்சியது. ஹாம்னிங்பெர்க் பெரும்பாலும் தப்பிய ஊர், பழைய மரவீடுகள் இன்னும் நிற்கின்றன. வீடு எரிந்த சனத்தின் பிள்ளைகள்தான் போட்ஸ்பியோர்டில் எங்களுக்குக் கம்பளியும் கட்டிலும் கொண்டுவந்து தந்தவர்கள், ஏன் தந்தார்கள் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

திரும்பும்போது உட்ஸ்யோக்கி, இனாரி, ரொவனியெமி என்று பின்லாந்து வழியாக இறங்கு, பிறகு சுவீடன் கரையோரமாகவே கீழே வந்து மேற்கே திரும்பினால் ஒஸ்லோ. நார்விக் வழியை விடச் சுலபமான வீதி, களைத்த உடம்புக்கு அது போதும்.

இப்போது இருக்கிற ரயரோடு கிளம்பாதே, புதுசு இரண்டும் போடு, காசு நான் அனுப்புகிறேன். உன்னோடு வருகிற சிநேகிதிக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, கிழக்கே போக அவள் சம்மதமா என்று கேட்டு எழுது. போட்ஸ்பியோர்டில் எங்களோடு வேலை செய்த ஒரு குடும்பம் இன்னும் இருக்கிறது, திகதி தெரிந்தால் சொல்லி வைப்பேன், இரண்டு இரவு அங்கே தங்கலாம், சோறும் மீன்குழம்பும் இருக்கும்.

அன்புடன்,
அப்பா