தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்

பெறுநர்:
எங்கள் பார்சலைக் கடல் கடந்து கொண்டுசெல்லும் கூரியர் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு அதிகாரிகள்,
வெளிநாட்டுப் பணத்தை எங்களுக்கு வாங்கித்தரும் இணைய நிறுவனத்தின் தகராறு பிரிவு அதிகாரிகள்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து எழுதுகிறேன். பரதநாட்டியம் ஆடுவோருக்கான கோயில் நகைகளை இணையம் வழியாக வெளிநாடுகளுக்கு விற்கும் சிறு தொழில் என்னுடையது. உங்கள் நிறுவனங்களின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்தப் பார்சல், யாருடைய பணம் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. பதினான்கு மின்னஞ்சல்களில் நானும் எழுதியிருக்கிறேன். ஆகவே பழைய கதை முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. மார்ச் 6-ஆம் தேதி கூரியர் கவுண்டரில் கொடுத்த பெட்டி மார்ச் 9-ஆம் தேதி விமான நிலையக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு இன்றோடு 64 நாளாக டிராக்கிங் பக்கத்தில் ஒரே வாசகம்தான் நிற்கிறது: ‘வழியில் உள்ளது.’

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெட்டி தொலைந்துவிட்டது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கூரியர் நிறுவனத்தார் நான்கு முறை கேட்டீர்கள். நான்கு முறையும் இன்வாய்ஸை அனுப்பினேன். ‘நடன நகை ஒரு செட், செம்பு, தங்க முலாம், கல் பதித்தது’ என்று அதில் ஒரு வரிதான் இருக்கும். அதில் எழுத இடமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

டொரொண்டோவில் வாழும் ஈழத்துத் தாய் ஒருவர் தம் மகளின் அரங்கேற்றத்துக்காகக் கேட்ட நகைகள் அவை. நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, மாட்டல், அட்டிகை, ஒட்டியாணம் எல்லாம் எங்களிடம் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். பின்னலின்மேல் நீளமாக அணியும் ஜடைநாகத்தை மட்டும் அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். பிள்ளையின் பின்னலை நூல் பிடித்து அளந்து, அந்த நூலை அளவுகோலுக்குப் பக்கத்தில் கிடத்திப் படம் எடுத்து அனுப்பினார் அந்த அம்மா. 31 அங்குலம். எங்கள் பட்டறையில் கல் பதிக்கும் பெரியவர் படத்தைக் கண்ணாடி இறக்கிப் பார்த்துவிட்டு, “ஆடும்போது வளைந்து கொடுக்க வேண்டும் மக்களே, கண்ணி இரண்டு கூடப் போடுகிறேன்” என்றார். உச்சந்தலைப் பக்கம் அகலமாகத் தொடங்கி, குஞ்சம்வரை ஒடுங்கிக்கொண்டே போகும் நகை அது. துண்டு துண்டாக அரக்கை இளக்கி நிரப்பி, சூடு ஆறுவதற்குள் கெம்புக் கல்லை அமர்த்தி, ஓரத் தகட்டை அழுத்திவிட வேண்டும். ஒரு கல் சாய்ந்தாலும் மேடை வெளிச்சத்தில் அந்த இடம் குழிவிழுந்ததுபோலத் தெரியும். பெரியவர் சாய்ந்த கல்லை விடமாட்டார். பெயர்த்து எடுத்து மறுபடி வைப்பார். மூன்று பேருக்கு நான்கு வார வேலை. பெட்டியோடு சேர்த்து எடை 1 கிலோ 150 கிராம். விலை 46,500 ரூபாய்.

“கவரிங் செட்டுக்கு இவ்வளவு விலையா?” என்று உங்கள் ஊழியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். நாகர்கோவில் கோயில் நகை என்பது புவிசார் குறியீடு பெற்ற கைவேலை என்பதை அவருக்குப் பொறுமையாகவே சொன்னேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொருளைத் தொலைத்தவர் அதன் விலையைச் சந்தேகிப்பதை எந்தக் கடைக்காரராலும் தாங்கிக்கொள்ள முடியாது.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். மார்ச் 16-க்குள் சேரும் என்றீர்கள். சேரவில்லை. மார்ச் 20-ல் புகார் கொடுத்தபோது, விசாரணைக்கு 30 வேலை நாள் ஆகும் என்று பதில் வந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதிவரை பொறுத்திருந்த அந்த அம்மா, அன்று பணத்தைத் திரும்பக் கேட்டுத் தகராறு பதிவு செய்தார். “உங்களில் பிழை இல்லை என்று தெரியும் தங்கச்சி, பிள்ளைக்கு வேறு நகை எடுக்க வேண்டும்” என்று எனக்குத் தனியாக எழுதினார். அவர் செய்தது சரி. பொருள் கைக்கு வராதவருக்குப் பணம் திரும்பிப் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, எந்த இடத்திலும் மறுத்து எழுதவும் இல்லை.

ஆனால் பணம் வாங்கித்தரும் நிறுவனத்தாரே, பதில் சொல்ல எனக்கு நீங்கள் கொடுத்த அவகாசம் 10 நாள். கூரியர் விசாரணைக்கோ 30 வேலை நாள். உங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன: பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்பது ஒன்று, பொருள் சேர்ந்ததற்குச் சான்று இணைக்கிறேன் என்பது மற்றொன்று. ‘கொண்டுபோனவர் தொலைத்துவிட்டார்’ என்று சொல்ல மூன்றாவதாக ஒரு கட்டம் இல்லை. முதல் கட்டத்தில் குறியிட்டேன். 46,500 ரூபாயோடு தகராறு கட்டணத்தையும் பிடித்துக்கொண்டீர்கள். அதோடு விட்டிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ‘அபாயம் உள்ள கணக்கு’ என்று பெயர் கொடுத்து, ஒழுங்காகச் சேர்ந்துவிட்ட வேறு நான்கு ஆர்டர்களின் பணம் 58,000 ரூபாயையும் ஏப்ரல் 8-ல் நிறுத்தி வைத்தீர்கள்.

ஏப்ரல் 8 எங்கள் ஊருக்கு எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த வாரம் சித்திரை விஷு. குமரி மாவட்டத்தில் அதிகாலையில் கனி கண்டு, பெரியவர்கள் சிறுவர் கையில் கைநீட்டம் என்று காசு வைக்கும் நாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை பட்டறைக் கூலியைத் தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம். ஒரு வருடமும் தவறியதில்லை. இந்த முறை மூன்று பேருக்கும் பாதிக் கூலிதான் கொடுக்க முடிந்தது. விஷு காலையில் அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மீதிக் கூலியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் வாசலில் கூசிப்போய் நின்றேன். அவர் என் மகளைக் கூப்பிட்டு, ஒரு புதிய ஐம்பது ரூபாய்த் தாளையும் ஒரு நாணயத்தையும் அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “சாமான் போய்ச் சேர்ந்ததா மக்களே?” என்று மட்டும் கேட்டார். நான் ‘வழியில் இருக்கிறது’ என்றேன். உங்கள் பதிலைத்தான் அவரிடம் சொன்னேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

கூரியர் நிறுவனத்தாரே, அந்த 30 வேலை நாள் மே 1-ஆம் தேதியோடு முடிந்தது. மே 4-ஆம் தேதி வந்த உங்கள் மின்னஞ்சல், பழைய புகாரை முடித்துப் புதிய எண்ணில் விசாரணை தொடர்கிறது என்று சொல்கிறது. காப்பீட்டுப் பிரிவைக் கேட்டால், ‘தொலைந்தது என்று அறிவிக்கப்படாத பார்சலுக்கு இழப்பீடு கோர முடியாது’ என்கிறார்கள். அறிவிக்க வேண்டியவர்களும் நீங்கள்தான். அறிவிப்பு இல்லை என்று மறுப்பவர்களும் நீங்கள்தான். கவுண்டரில் முழு மதிப்பையும் அறிவித்து, அதற்காக 1,160 ரூபாய் தனியாகக் கட்டிய ரசீது என்னிடம் இருக்கிறது.

வான்வழிச் சரக்குக்கான மாண்ட்ரீல் உடன்படிக்கையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 1999-ல் உருவான அந்த உடன்படிக்கையில் இந்தியா 2009-ல் சேர்ந்தது. வந்துசேர வேண்டிய நாளிலிருந்து 7 நாள் கடந்தும் சரக்கு வராவிட்டால், பெறுபவர் தம் உரிமையைக் கோரலாம் என்கிறது அதன் 13-ஆம் விதி. மதிப்பை முன்கூட்டி அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாத சரக்குக்குத்தான் 22-ஆம் விதி எடை பார்த்து இழப்பீட்டுக்கு வரம்பு கட்டுகிறது. அந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அந்தக் கணக்கில் பார்த்தால் என் பெட்டிக்கு நாலாயிரம் ரூபாய்கூடத் தேறாது. அதற்குப் பயந்துதான் 1,160 ரூபாயைக் கட்டினேன். உடன்படிக்கை 7 நாளைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் 64 நாள் கழித்தும் ‘வழியில் உள்ளது’ என்கிறீர்கள். எந்த வழியில் என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா?

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை இங்கே நினைவுபடுத்துகிறேன். 800 டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. அதையொட்டி நம் அஞ்சல் துறை, ஆகஸ்ட் 25 முதல் அந்த நாட்டுக்கான பெரும்பாலான தபால் பொருள்களை ஏற்பதை நிறுத்தியது. பனையோலைப் பெட்டி விற்பவர், லேஸ் துணி அனுப்புகிறவர் எல்லோரும் இங்கே கலங்கிப்போனார்கள். எனக்கும் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது. ஆனால் போகாது என்பதை நேரடியாக அறிவித்தார்கள். பதிவு செய்தும் அனுப்ப முடியாமல் போனவற்றுக்குத் தபால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்றார்கள். அக்டோபர் 15-ல் சேவை மறுபடி தொடங்கியது. அந்த ஏழு வாரமும் எனக்கு நட்டம்தான். இருந்தாலும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரிந்திருந்தது. உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த அளவுக்கான நேர்மையைத்தான்.

அந்த ஒரு கடிதம் இல்லாததால் எத்தனை கதவுகள் மூடிக்கிடக்கின்றன என்று பாருங்கள். என் ஏற்றுமதி, கூரியர் ஷிப்பிங் பில் என்ற சுங்கப் படிவம் வழியாக, ஏற்றுமதிக்குரிய பணம் வந்துசேர்கிறதா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். பதிவில் ஏறியிருக்கிறது. பொருள் போனதாகக் கணக்கு இருக்கிறது, அதற்குரிய பணம் வந்ததாகக் கணக்கு இல்லை. ஏற்றுமதிப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான காலத்தை 2025 நவம்பரில் 9 மாதத்திலிருந்து 15 மாதமாக்கினார்கள். அது நல்ல காரியம். ஆனால் பொருளே காணாமல்போன ஏற்றுமதிக்கு 15 மாதம் கழித்து மட்டும் எங்கிருந்து பணம் வரும்? பதிவை முடித்துவைக்க வங்கிக் கிளையில் ஒரே ஒரு சான்றுதான் கேட்கிறார்கள். கொண்டுசென்றவர் எழுதிய இழப்புக் கடிதம். ஆடிட்டர் கேட்பதும் அதையே. காப்பீட்டுப் பிரிவு கேட்பதும் அதையே. என் கணக்கிலிருந்து அபாயக் குறியை எடுக்க வேண்டுமானால், பணம் வாங்கித்தரும் நிறுவனத்தார் கேட்பதும் அதையே.

நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. சுயதொழில் செய்து பிழைப்பவர் தம் பிழைப்புக்காகப் பெறும் சேவைக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. வேறு வழியே இல்லாமல் போனால் போவேன். பட்டறையில் வேலை கிடக்கும்போது கோர்ட்டுப் படியேறி நிற்க எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கும் இருக்காது என்று நம்புகிறேன்.

ஆகவே கூரியர் நிறுவனத்தாரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: இந்த மடல் கிடைத்த 7 நாளுக்குள் அந்தப் பெட்டி தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். புகார் எண், பார்சல் எண், அறிவிக்கப்பட்ட மதிப்பு, அதிகாரியின் கையெழுத்து ஆகியவை இருந்தால் போதும். மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட எழுத வேண்டாம். எதிர்பாராமல் எங்காவது ஒரு கிடங்கு மூலையில் பெட்டி அகப்பட்டால் தகவல் சொல்லுங்கள், வாங்கிய இழப்பீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பெற்றுக்கொள்கிறேன் என்று இப்போதே எழுதித் தருகிறேன்.

பணம் வாங்கித்தரும் நிறுவனத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன்: சேர வேண்டியவர்களிடம் சேர்ந்துவிட்ட நான்கு ஆர்டர்களின் பணத்தை விடுவியுங்கள். அவற்றுக்கான கையெழுத்துச் சான்றுகளை ஏப்ரல் 10-ஆம் தேதியே அனுப்பிவிட்டேன். உங்கள் படிவத்தில் அந்த மூன்றாவது கட்டத்தைச் சேருங்கள். கூரியர் விசாரணை நடக்கும் காலத்தில் விற்பவரின் மற்ற வரவுகளில் கைவைக்காதீர்கள்.

ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டிய ஒரு நெற்றிச்சுட்டி, பஞ்சில் பொதிந்து, முகவரி ஒட்டி, என் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். பெரியவர் காலையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதை எதில் அனுப்பப் போகிறாய்?” என்று கேட்டார். உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வடசேரியிலிருந்து ஒரு கோயில் நகை விற்பனையாளர்
மே 12