‘வலியை வென்றார்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. அவற்றை விரும்பிப் படிப்பவள் நான். ஆனால் அண்மையில் வந்த ஒரு செய்தி மனத்தை உறுத்துகிறது. வழியில் விழுந்து முழங்கால் கிழிந்த இளைஞர், கட்டுக்கூடப் போடாமல் அதே காலோடு ஓட்டி முடித்தாராம். கூடப் போன நண்பர் ‘விடாதே, ஓட்டு’ என்று உற்சாகப்படுத்தினாராம். தலைப்பில் ‘வலியை வென்றார்’ என்று போட்டிருந்தீர்கள். வலங்கைமான், நீடாமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராகச் சைக்கிளிலேயே சுற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இந்தப் பாராட்டை ஏற்க முடியவில்லை. அடிபட்டவரை இறங்கச் சொல்வதுதான் கூடப் போகிறவரின் வேலை.

இதை நான் அண்மையில் நேரிலேயே பார்த்தேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள் அல்லவா? ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அவர்கள் போன ஊர்கள் வழியாகச் சைக்கிளில் போக வேண்டும் என்பது எனக்கும் என் தோழிக்கும் நெடுநாள் ஆசை. அவர் பள்ளியில் வரலாறு நடத்தியவர். நான் அவரை டீச்சர் என்பேன். அவர் என்னைச் சிஸ்டர் என்பார். தை மாதக் கடைசியில் புறப்பட்டோம். இருவருடையதும் கியர் இல்லாத சாதாரண லேடீஸ் சைக்கிள்.

தஞ்சாவூர் தாண்டியதுமே டீச்சருக்கு முழங்காலின் முன்பக்கம் வலித்தது. சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மேல் மடங்கும்; வலி அங்கேதான் வரும். பாபநாசத்தில் ஒரு சைக்கிள் கடையில் சீட்டை உயர்த்தச் சொன்னோம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் கணக்கு என்றார் கடைக்காரர். கும்பகோணம் போவதற்குள் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு வேறு தொல்லை. இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. ஹேண்டில்பாரில் உள்ளங்கையை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால் அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு நசுங்கும். கைப்பிடியில் பருத்தித் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டேன். அடிக்கடி இறங்கிக் கையை உதறிக்கொண்டேன். இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய வலிகள். அதனால் தொடர்ந்தோம்.

வலங்கைமானைத் தாண்டி நீடாமங்கலம் போகும் வழியில், சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வர, டீச்சர் ஓரம் ஒதுங்கினார். முன்சக்கரம் நெல்மேல் ஏறி வழுக்கியது. வலது கையை ஊன்றியபடி விழுந்தார். முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்து, மண்ணும் பதரும் அப்பிக்கொண்டன.

நெல்லுக்குச் சொந்தக்காரரும் அவர் மனைவியும் பதறி ஓடி வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அந்த அளவில் அரசு தளர்வு அறிவிக்கும்வரை விவசாயி காத்திருக்கவும் முடியாது. ஊருக்கு ஓர் உலர்களம் இல்லாதபோது அவர் தார்ச்சாலையை விட்டால் எங்கே போவார்?

முதலில் தலையில் அடிபட்டதா என்று பார்த்தேன். இன்று என்ன கிழமை, காலையில் எந்த ஊரில் சாப்பிட்டோம் என்று கேட்டேன், தெளிவாகச் சொன்னார். பேச்சுக் குழறினாலோ, வாந்தி எடுத்தாலோ, தூக்கம் தூக்கமாக வருகிறது என்றாலோ அப்போதே 108-ஐ அழைத்திருப்பேன். இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஓர் அம்மாள் மஞ்சள்தூள் கொண்டுவந்தார், இன்னொருவர் காப்பித்தூள். கையை நீவிவிட்டால் சரியாகிவிடும் என்றார் ஒரு பெரியவர். எல்லாம் அன்பினால்தான். ஆனாலும் மூன்றையும் வேண்டாம் என்றேன். குழந்தையின் தொப்புள்கொடியில் எதையும் தடவாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லியே என் பணிக்காலம் கழிந்தது. புண்ணுக்கும் அதே பேச்சுத்தான். அந்த விவசாயியின் வீட்டில் குடத்துத் தண்ணீரும் சோப்பும் வாங்கி, மண்ணும் நெல் சுணையும் போகும்வரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த எரிச்சலைப் பொறுத்தே ஆக வேண்டும். உள்ளே தங்கும் அழுக்குத்தான் பின்னால் சீழ் வைக்கும். சுத்தமான துணியால் மூடிக் கட்டினேன். புண்ணைக் காற்றாடத் திறந்துவிட்டால் சீக்கிரம் காயும் என்பது தவறான நம்பிக்கை. ஈரப்பசை குறையாமல் மூடி, நாள்தோறும் கட்டு மாற்றினால்தான் தோல் விரைவாக வளரும்.

எனக்குக் கவலை மணிக்கட்டைப் பற்றித்தான். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரமாக ஒரு சிறு குழி தெரியும். அங்கே தொட்டு அழுத்தியதும் டீச்சர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில், கையை ஊன்றி விழும்போது அதிகம் முறிவது அந்தக் குழிக்குள் இருக்கும் எலும்புதான். முறிந்தாலும் பெரிதாக வீங்காது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவார்கள். இரத்த ஓட்டம் குறைவான எலும்பு அது. அசைத்துக்கொண்டே இருந்தால் ஒட்டாமலே போய்விடவும் கூடும்.

துண்டை முக்கோணமாக மடித்துக் கையைக் கழுத்தோடு தூளி கட்டினேன். அந்த விவசாயியே ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, எங்களையும் சைக்கிள்களையும் அரசு மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார். மண்பட்ட காயம் என்பதால் ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) ஊசி போட்டார்கள். கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் இப்படிப்பட்ட காயத்துக்கு மறுபடி போட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறோம்; பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொன்னார். இந்த எலும்பின் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டு.

அன்றிரவு மன்னார்குடியில் டீச்சரின் உறவினர் வீட்டில் தங்கினோம். எக்ஸ்ரேதான் சரியாக இருக்கிறதே, இடது கையால் பிடித்தபடி மெல்ல ஓட்டிவிடலாம் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்தார். அந்தச் சித்திரை வெயிலில் கால் கொப்பளிக்க நடந்தவர்கள் பாதியில் நின்றார்களா என்று கேட்டார். வரலாற்றை அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததால் அதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். நடைப்பயணிகளுக்குச் சோறும் இடமும் தரக் கூடாது என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்து அவர்களைக் காப்பாற்றினார்கள். அடுத்தவர் உதவியை வாங்கிக்கொண்டுதான் அவர்கள் நடந்தார்கள். அவர்களுக்கு ஒரு சட்டத்தை உடைத்தே தீர வேண்டிய கட்டாயம் இருந்தது. நமக்கு என்ன கட்டாயம்? டீச்சர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பஸ்ஸில் போகலாம் என்றார்.

சைக்கிள்களை மன்னார்குடியிலேயே விட்டுவிட்டு, திருத்துறைப்பூண்டி வழியாகப் பஸ்ஸில் போய் அகத்தியம்பள்ளி நினைவுத்தூணைப் பார்த்துவந்தோம். வேதாரண்யம் சத்தியாகிரகத்தில் ருக்மிணி லட்சுமிபதி சிறை சென்றதைப் பற்றி டீச்சர் அங்கே நின்று எனக்கு ஒரு பாடமே நடத்தினார். இரண்டாவது எக்ஸ்ரேயில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஆறு வாரம் கட்டு இருக்க வேண்டும் என்றார்கள். மன்னார்குடியிலிருந்து ஓட்டியிருந்தால் எழுதும் கையே போயிருக்கும்.

ஆகவே ஐயா, இனி இத்தகைய பயணங்களைப் பற்றி எழுதும்போது, விழுந்தவர் காயத்தை எதனால் கழுவினார், ஊசி போட்டுக்கொண்டாரா, எத்தனை நாள் ஓய்வெடுத்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு நண்பரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனவரின் படத்தையும் போடுங்கள். கூடவே, டெல்டா மாவட்டங்களில் எந்தெந்த ஊர்களில் உலர்களம் இல்லை என்று தங்கள் செய்தியாளர்கள் அடுத்த சம்பா அறுவடைக்கு முன்பே விசாரித்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்