ஹெரால்டுக்கு டைமிங் வைத்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

என்னுடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3 காரின் 948 சி.சி. எஞ்சின், அக்கக்காகப் பிரித்து மீண்டும் கட்டப்பட்ட பிறகு, முதல் முறை சாவியைத் திருப்பியபோதே பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணமானவர்கள் மூவர். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று மூவருமே கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்த வேலையைச் சொல்லியே இந்த நன்றியைத் தெரிவிக்கிறேன்.

முதல் முறையிலேயே பிடிக்க வேண்டும் என்பது வெறும் ஆசையன்று. சாணை பிடித்த கேம் ஷாஃப்டையும் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) அதன் மேல் உரசி இயங்கும் புதிய டேப்பெட்டுகளையும் போட்டுக் கட்டிய எஞ்சினை, பிடித்தவுடன் ஐடிலில் (மிதிக்காமல் ஓடும் குறைந்த வேகத்தில்) விடாமல், நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று (ஆர்.பி.எம்.) வேகத்தில் இருபது நிமிடங்களாவது ஓட்ட வேண்டும். டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடுவதும் தீப்பொறி விழுவதும் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்துப்போகும் நேரம், சரியில்லாமல் ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் சுற்றிக்கொண்டிருந்தால், கேமின் மேல் பூசிய கிரீஸ் வழித்துக்கொண்டு போய், புதிய உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்ந்துவிடும். ஆகவே, ஓடவிட்டபின் திருத்திக்கொள்ளலாம் என்ற சலுகை இங்கே கிடையாது.

முதல் நன்றி, பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மாஸ்டர் ஐயாவுக்கு. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) கேமைச் சுழற்ற உதவும் டைமிங் செயினும் இரண்டு பல்சக்கரங்களும் புதியவை. அவற்றில் ஒத்துப் பார்க்கக் குறி எதுவும் இல்லை. கிராங்க்கின் முனையில் இருக்கும் புல்லியோ, பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கியது. அதில் வெட்டியிருந்த குறி எந்த எஞ்சினுக்கு உரியதோ! "குறியைப் பாக்காதீங்க தம்பி, எஞ்சினையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை ஏற்றுமுன் முதல் பிஸ்டனின் தலையில், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தினார். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76 மி.மீ.; ஆனாலும் உச்சிக்கு அருகில் கிராங்க் 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் சுமார் 0.2 மி.மீ. மட்டுமே நகரும் என்பதால், கண்ணால் பார்த்து உச்சியைக் குறிக்க இயலாது. எனவே அவர், பிஸ்டன் ஏறும்போது ஓர் அளவிலும், உச்சியைத் தாண்டி இறங்கும்போது அதே அளவிலும் புல்லியில் கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவே உண்மையான டாப் (பிஸ்டனின் உச்சி நிலை) எது என்று குறித்துத் தந்தார்.

ஹெட்டை ஏற்றியபின் அவர் செய்ததுதான் எனக்கு முற்றிலும் புதிது. ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணினால் 7-ஆவதும் 8-ஆவதுமான வால்வுகள் நான்காவது சிலிண்டருக்கு உரியவை. அவ்விரண்டுக்கும் அவற்றை அமுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளியையும் 1 மி.மீ. அளவுக்குத் தளர்த்திவிட்டு, கிராங்கை டாப்பில் நிறுத்தி, கேமை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டே, ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இரண்டு இடைவெளியும் சமமாக வரும் இடத்தில் நிறுத்தினார். இந்த எஞ்சினின் கேம், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பு இன்லெட் வால்வைத் திறக்கிறதோ, உச்சியைத் தாண்டி அத்தனை டிகிரி போனபிறகே எக்ஸாஸ்ட் வால்வை மூடுகிறது. அதனால் தராசு முள்போல அந்தச் சமநிலையே சரியான இடத்தைக் காட்டிவிடுகிறது. நான்காவது சிலிண்டர் அங்கே நிற்கும்போது முதல் சிலிண்டர் தீப்பொறிக்குக் காத்திருக்கிறது என்பதும் அதிலேயே உறுதியாகிவிடுகிறது.

இரண்டாவது நன்றி, லேத் பட்டறை அண்ணனுக்கு. சமநிலையில் கேமை நிறுத்திச் செயினை மாட்டினால், பல்சக்கரத்தின் துளை கேமின் துளையோடு சேரவில்லை. ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவதுதான் பல பட்டறைகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹெரால்டின் கேம் சக்கரத்தில் உள்ள நான்கு துளைகளும் பல்லின் நடுவிலிருந்து சற்றே விலகி இருப்பதை அண்ணன்தான் காட்டினார். சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் அரைப் பல் மாறும். முன்பின்னாகப் புரட்டிப் போட்டால் கால் பல் மாறும். புரட்டிக் கால் சுற்றும் திருப்பினால் முக்கால் பல். எங்களுக்குப் புரட்டிப் போட்டதிலேயே போல்ட் கையால் இறங்கியது. இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்க்கோட்டில் ஓடுகின்றனவா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்து, கிராங்க் சக்கரத்தின் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) சேர்த்துக் கொடுத்ததற்குக் கூலியும் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது நன்றி, ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பிக்கு. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதுமே மூடியாகக் கவிழ்ந்து திறப்பதால், முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே அவர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தார். அதற்குள் மின்னோட்டத்தை வெட்டும் பாயிண்ட்டின் இடைவெளி 0.4 மி.மீ.; மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அந்தத் திசையிலேயே 1-3-4-2 என்ற வரிசையில் வயர்கள். 12 வோல்ட் பல்பு ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் எர்த்துக்கும் இடையே கொடுத்து, கையேடு சொன்ன டிகிரியில் பல்பு எரியத் தொடங்கும் நொடியில் கிளாம்பை இறுக்கினார். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரைப் புதிதாக வாங்கியிருந்தும் அதை நம்பாமல், தன் டப்பாவிலிருந்து, சென்னையின் பாடி பகுதியில் பேருந்து நிறுத்தத்துக்கே பெயராகிவிட்ட லூகாஸ் டி.வி.எஸ்-இன் பழைய கண்டென்சர் ஒன்றை எடுத்து மாட்டியதும் அவரே.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின், கையேடு சொன்ன தீப்பொறி டிகிரி அக்காலத்துப் பெட்ரோலுக்கானது என்பதை நினைவூட்டி, கத்திப்பாரா மேம்பாலத்து ஏற்றத்தில் டாப் கியரில் ஓட்டச் சொன்னவர் மாஸ்டர் ஐயா. மிதித்ததும் 'கிணுகிணு' என்று தட்டல் கேட்டது. டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு திருகை ரிட்டார்ட் பக்கம் (தீப்பொறி தாமதமாகும் பக்கம்) கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தட்டல் நின்று இழுவை குறையாத இடத்தில் அவர் விட்டுவிட்டார்.

மாஸ்டர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: ராக்கர் இடைவெளிகளை 0.25 மி.மீ.க்கு வைத்தாயிற்று. 500 கி.மீ. ஓடியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி அந்த இடைவெளிகளையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அன்று டயல் கேஜையும் கையோடு கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
ஹெரால்ட் உரிமையாளர்,
தாம்பரம்.