பெண் பிள்ளைகளின் கழிப்பறையைத் திறந்து வையுங்கள்: கோடைக்காலக் கூடைப்பந்து முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாம் பொறுப்பாளர்களுக்கும், மைதானத்தின் சாவிகளை வைத்திருக்கும் அலுவலகத்தாருக்கும்,

வணக்கம்.

வெள்ளிக்கிழமை முற்பகல் ஆடுகளத்தில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயங்கி விழுந்த சிறுமியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடியவர் உங்கள் பயிற்சியாளர்தான். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தீர்கள், தாயாருக்குத் தகவல் சொன்னீர்கள், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். அதற்கெல்லாம் நன்றி. பிள்ளை இப்போது நலமாக இருக்கிறாள். ஆனால் அன்று மாலையே பெற்றோர்களின் கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. பிள்ளைகள் போதிய தண்ணீர் குடிப்பதில்லை, வீட்டில் கண்டித்துப் பழக்குங்கள் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் இந்த மடலை ஊர் பார்க்க எழுதுவது என்று முடிவு செய்தேன்.

பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது உண்மை. ஏன் குடிப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். முகாம் தொடங்கியதிலிருந்து பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. காலை எட்டு மணிக்கு வந்து மாலை நான்கு மணிக்குத் திரும்பும் முகாம் இது. அத்தனை மணி நேரமும் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் குடிக்காமல் இருப்பதைத் தவிர அந்தக் குழந்தைகளுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

என் மகள் வயிற்றுப் பேத்தி உங்கள் முகாமில் பயிற்சி பெறுகிறாள். பதினோரு வயது. காலையில் அவள் அம்மா பெரிய பாட்டில் நிறையச் சீரகத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறாள். மாலையில் அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தால் கழுத்து வரை தண்ணீர் அப்படியே இருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. ஜெர்சியின் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கேட்டால், "வாயை நனைத்துக்கொண்டேன், அம்மாச்சி" என்கிறாள். காலையில் காபி குடிக்கக் கூடாது, இட்லிக்குச் சட்னி மட்டும் போதும், சாம்பார் ஊற்றிக்கொள்ளக் கூடாது, மதியச் சாப்பாட்டோடு ஒரு மடக்குக்கு மேல் வேண்டாம் என்று மூத்த பெண்கள் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ரீ த்ரோ எப்படிப் போடுவது என்று நீங்கள் சொல்லிக் கொடுக்கிற அதே இடத்தில்தான் இந்தப் பாடமும் நடக்கிறது.

"கேட்டால் சாவி தருவோமே" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தச் சாவியை வாங்க ஒரு சிறுமி என்ன செய்ய வேண்டும் என்று நான் உடன் நடந்து பார்த்தேன். முதலில் பயிற்சியாளரிடம் கை உயர்த்தி அனுமதி கேட்க வேண்டும். பிறகு பையன்கள் ஆடிக்கொண்டிருக்கிற கோர்ட்டின் ஓரமாகவே போக வேண்டும். பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஆண்களைக் கடக்க வேண்டும். அலுவலக வாசலில் நின்று, யார் என்றே தெரியாத ஒரு பெரியவரிடம் சாவி வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர் "எதற்கு?" என்று கேட்கிறார். பன்னிரண்டு வயதுப் பெண் அந்தக் கேள்விக்கு நாலு பேர் முன்னால் என்ன பதில் சொல்வாள்? அந்தப் பெரியவரை நான் குறை சொல்லவில்லை. கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. இத்தனையும் கடந்து பூட்டைத் திறந்தால் உள்ளே பழைய ஃபிளெக்ஸ் பேனர்களும் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடைத்துக் கிடக்கின்றன. உள்தாழ்ப்பாள் இல்லை. குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது. ஒரு முறை போய் வந்தவள் மறுமுறை கேட்க மாட்டாள். பக்கத்தில் நின்றவளிடமும் சொல்லிவிடுவாள்.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மதுரைக் கத்திரி வெயிலில் சிமெண்ட் தளத்தில் பிள்ளைகளை ஓடவிட்டால் அவர்கள் உடம்பு என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊரில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது ஒன்றும் புதிதில்லை. சிமெண்ட் தளம் அந்தச் சூட்டைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். 9 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் வெயிலில் ஆடும்போது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 100 முதல் 250 மில்லி லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு அரை லிட்டருக்கும் மேலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வருகிறது. அதில் கால்வாசிகூட நம் பெண் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போவதில்லை. பந்தைத் தரையில் தட்டி டிரிப்ளிங் செய்துகொண்டே வளைந்து வளைந்து ஓடவும், விசில் அடித்ததும் கோட்டைத் தொட்டுத் திரும்பவும் சொல்கிறீர்கள். காய்ந்த உடம்போடு அவர்கள் ஓடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தி விழுந்தாள்.

தண்ணீர் குடிக்காததால் வருவது மயக்கம் மட்டுமல்ல. அடக்கி அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும், கிருமித் தொற்று வரும், குளிர் காய்ச்சல் வரும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் குறைவு என்பதால் தொற்று எளிதில் மேலேறும். என் மாணவிகளில் எத்தனையோ பேர் இதைச் சொல்ல வெட்கப்பட்டு, "வயிற்று வலி டீச்சர்" என்று ஒதுங்கி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு நாட்களைப் பற்றியும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். உங்கள் முகாமில் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நாப்கின் மாற்ற இடமில்லாததால் அந்த நாட்களில் அவர்கள் முகாமுக்கே வருவதில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அதில் விடுப்பு என்று எழுதியிருக்கும். அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பயிற்சியாளர் நினைத்துக்கொள்வார். விளையாட்டை விட்டுப் பெண்கள் விலகுவது இப்படித்தான் தொடங்குகிறது. திருமணமோ படிப்போ வந்து தடுப்பதற்கு வெகுநாள் முன்பே, ஒரு பூட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

ஆகவே கேட்கிறேன். பெண் பிள்ளைகளின் கழிப்பறையைத் திறந்து வையுங்கள்.

பூட்டி வைப்பதற்குக் காரணம் கேட்டபோது, திறந்து போட்டால் குழாயை உடைத்துவிடுவார்கள், வெளியாட்கள் நுழைந்துவிடுவார்கள் என்றார்கள். குழாய் உடைந்தால் வேறு குழாய் மாட்டலாம். வெளியாட்கள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வாயிலில் காவலர் இருக்கிறார். அவர் இருப்பதே அதற்காகத்தானே. அடுத்த கட்டிடத்தில் விருந்தினர் வந்தால் திறந்துவிடும் கழிப்பறை சுத்தமாக, கண்ணாடியும் சோப்பும் வைத்து, தண்ணீர் வசதியோடு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பரிசளிப்பு நாளன்று சிறப்பு விருந்தினருக்குத் திறக்கும் கதவை, தினமும் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்குத் திறக்கக் கூடாதா? கட்டணம் செலுத்தி வருகிறவர்கள் அவர்கள். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், பூக்கட்டி விற்கிறவர் என்று பலரும் கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. ஒத்தக்கடையிலிருந்து ஒரு தாய் மகளை அழைத்துக்கொண்டு தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகுதான் அதுவும் முடிந்தது என்கிறார். பஸ் ஏறி வருகிற வழியை அரசு திறந்துவிட்டது. வந்து சேர்ந்த இடத்தில் நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

கூடைப்பந்து, பெண்கள் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட விளையாட்டு அல்ல. இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1891 டிசம்பரில் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் கூடையை மாட்டினார். 1892லேயே பக்கத்து ஊரின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தம் மாணவிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1936இல் கிடைத்த இடம் பெண்களுக்குக் கிடைக்க 1976 வரை நாற்பது ஆண்டுகள் ஆயின. ஆடத் தெரியாததால் நேர்ந்த தாமதமா அது? கதவைத் திறக்க வேண்டியவர்கள் திறக்கவில்லை. நம் தமிழ்நாட்டுப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் போல உங்கள் பிள்ளைகளும் வர வேண்டாமா என்று சேர்க்கையின்போது எங்களிடம் கேட்டவர்கள் நீங்கள்தான். வர வேண்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறோம்.

வேறு குறைகளும் உண்டு. பத்து வயதுப் பிள்ளைகளின் கையில் பெரிய ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்தைக் கொடுக்கிறீர்கள். அந்த வயதுக்கு 5ஆம் எண் பந்துதான் உரியது. வளையத்தையும் 3.05 மீட்டரிலிருந்து மினி கூடைப்பந்துக்கு உரிய 2.60 மீட்டருக்கு இறக்க வேண்டும். இரண்டும் இல்லாததால் பிள்ளைகள் பந்தை இடுப்பிலிருந்து அள்ளி மேலே வீசுகிறார்கள். மணிக்கட்டை மடக்கி விடும் பழக்கம் வரவே வராது, பின்னால் திருத்துவதும் கடினம். இந்த ஊர்ப் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிடுங்கிக் கொடுப்பதைப் பணியில் இருந்த காலமெல்லாம் எதிர்த்துப் பேசிப் பேசியே ஓய்ந்துபோனேன். கூடைப்பந்துக் கம்பங்கள் துருப்பிடித்து நிற்க, கோர்ட்டில் ஆசிரியர்களின் பைக்குகள் நிற்கும் பள்ளிகளை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்கும்போது மட்டும் எல்லோருக்கும் விளையாட்டின் அருமை தெரிகிறது. ஆடிய காலத்தில் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீரும் மறைவிடமும் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இவற்றையெல்லாம் உட்கார்ந்து பேச வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். பந்தும் வளையமும் அடுத்த ஆண்டுக்குக்கூடக் காத்திருக்கலாம். கழிப்பறை காத்திருக்க முடியாது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது, முன்பின் தெரியாதவரையும் கையைப் பிடித்து இழுத்து நீர்மோர் கொடுக்கிற ஊர் நம் ஊர். தல்லாகுளத்திலிருந்து ஆற்றங்கரை வரை பந்தலுக்குப் பந்தல் பானகம் ஊற்றுகிறோம். அதே சித்திரை வெயிலில், நம் கண்ணெதிரே, நம் பிள்ளைகள் கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருக்கிறார்கள். இது என்னால் தாங்கிக்கொள்ள முடியாததாக இருக்கிறது. உங்களுக்கும் வீட்டில் பெண் குழந்தைகள் இருப்பார்கள்.

கோபத்தில் கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் வயதில் மூத்தவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். முகாமை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளைகள்தான் அதிகம் அழுவார்கள். உங்கள் பயிற்சியாளர்கள் திறமையானவர்கள். ஓடி வந்து எம்பி, இடது கையால் பந்தை வளையத்தில் போடும் லே-அப்பைக் கற்றுக்கொண்டதை என் பேத்தி சமையலறையில் காற்றில் போட்டுக் காட்டுகிறாள். தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். திங்கட்கிழமை காலை பயிற்சி தொடங்கும் முன் அந்தப் பூட்டைத் திறந்து, முகாம் முடியும் நாள் வரை பயிற்சி நேரம் முழுவதும் திறந்தே வையுங்கள். உள்ளே கிடக்கும் சாமான்களை அகற்றித் தண்ணீர் இணைப்பைக் கொடுங்கள். உள்தாழ்ப்பாள் போட்டு, மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று வையுங்கள். காலையிலும் மதியத்திலும் சுத்தம் செய்ய ஒரு பெண் ஊழியரை நியமியுங்கள். பயிற்சியின் நடுவே பெண் பிள்ளைகள் யாரிடமும் காரணம் சொல்லாமல் போய்வரலாம் என்று பயிற்சியாளர்கள் வாயாலேயே அறிவிக்கச் சொல்லுங்கள். சாவி யாரிடமாவது இருந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு பெண் பயிற்சியாளரிடம் இருக்கட்டும்.

செலவுதான் தடை என்றால் வாளி, குவளை, ஃபினாயில், தாழ்ப்பாள் ஆகியவற்றை நாங்கள் சில பெற்றோர்களும் பாட்டிமார்களும் சேர்ந்து வாங்கித் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்து கழுவிக் கொடுக்கவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். யாரிடம் சாவி வாங்க வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
உங்கள் முகாமில் பயிலும் சிறுமி ஒருத்தியின் அம்மாச்சி,
மதுரை.