சந்திப்பூர்ல எங்களப் பாத்துக்கிட்ட எல்லாருக்கும் நன்றி

ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சு, ரெண்டு தடவ தொவைச்சும் பையனோட ஜீன்ஸ் பாக்கெட்ல இருந்து இன்னும் சேறு உதிருது, அதப் பாக்கறப்பல்லாம் எழுதணும் எழுதணும்னு நெனச்சு இன்னிக்கு தான் உக்காந்தேன்.

ஒடிசான்னா பூரி, கோனார்க் தான் எங்க பிளான். சந்திப்பூர் போனது என் மாமியார் பிடிவாதத்துல. கலாம் ஐயா 1989 மே மாசம் முதல் அக்னி ஏவுகணைய விட்ட ஊராச்சே, ராமேஸ்வரத்துக்காரர் வேல பாத்த எடத்த பாக்காம வரதான்னு. அம்மா அது மிலிட்டரி ஏரியா மாதிரி, உள்ள விடமாட்டாங்கன்னோம். சரி கடலையாச்சும் பாத்துட்டு வருவோம்னாங்க. போய் நின்னா கடல காணோம்!

நெஜமாவே காணோம்ங்க. கண்ணுக்கெட்டின தூரம் ஈர மணலும் சேறும் தான். அங்க தரையோட சரிவு ரொம்பக் கம்மி, அதனால வத்தம் வந்தா தண்ணி 5 கிலோமீட்டர் வரைக்கும் கூட பின்வாங்கிடுமாம், ஆறு மணி நேரம் போல ஆனா திரும்பி வந்துடும், இப்படி ஒரு நாளைக்கு ரெண்டு தடவ.

மொத நன்றி பாலசோர் ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டுப் போன ஆட்டோக்கார அண்ணாவுக்கு. என் வீட்டுக்காரர் ஆசையா ஆட்டோவ அப்படியே மணல்ல விடுங்கன்னாரு, முடியவே முடியாதுட்டார், கீழ பூரா நண்டு வளை இருக்காம். எறங்கறப்போ பேனா எடுத்து பையன் உள்ளங்கைல 9.30ன்னு எழுதி விட்டார், அதுக்குள்ள கரைக்கு வந்துடணும். நேத்து யாராச்சும் சொன்ன டைம நம்பாதீங்க, தினமும் முக்கா மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போகும்னும் ஹிந்தில சொன்னார், எனக்கு பாதி தான் புரிஞ்சுது.

அடுத்து அந்த ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்க. ஒரு லாட நண்டு, இரும்புச் சட்டி கவுத்து வச்ச மாதிரி இருக்கும், மல்லாந்து கெடந்து கால ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. பையன் வால புடிச்சுத் தூக்கப் போனான், அதுல ஒரு பொண்ணு ஒரு கத்து கத்துச்சு பாருங்க. வால்ல தூக்கினா அதுக்கு அடிபட்டுடும், ரெண்டு பக்கமும் ஓட்டோட ஓரத்தப் புடிச்சு மெதுவா திருப்பணும்னு செஞ்சு காமிச்சுது. டைனோசருக்கெல்லாம் முன்னாடியே வந்த ஜீவன் இது, பேரு தான் நண்டு, சொந்தம் என்னவோ சிலந்தி, தேளோட. ரத்தத்துல செம்பு இருக்கறதால நீலக் கலர், ஊசி மருந்து சுத்தமா இருக்கான்னு டெஸ்ட் பண்ண இதுங்க ரத்தத்த தான் எடுக்கறாங்க. வலைல மாட்டி செத்ததும் அங்கங்க கெடந்துச்சு, பாக்க கஷ்டமா இருந்துச்சு. அதோட விட்டாங்களா, பையன் பாட்டில்ல ரொப்பின சங்கெல்லாம் கொட்டச் சொன்னாங்க, அதுல மூணு மெல்ல நடக்க ஆரம்பிச்சுது, உள்ள ஆள் இருக்கு! மிச்சத்தையும் அவனே அங்கயே போட்டுட்டான்.

இந்த வேடிக்கைல டைம் போனதே தெரியல. பையன் கைய பாத்தா சேறு அப்பி எழுத்தே இல்ல. முன்னாடி கடல் எங்கயோ தூரத்துல தான் இருந்துச்சு, அதனால பயமும் இல்ல. அப்போ வலைய தோள்ல போட்டுக்கிட்டு ஒரு பெரியவர் ஜுஆர ஜுஆரன்னு கத்திக்கிட்டு வந்தார். கடல் தண்ணி ஏறி வர்றத, நம்ம ஊர்ல ஏத்தம்னு சொல்றது தான். திரும்பிப் பாத்தா எங்களுக்கும் கரைக்கும் நடுவுல இருந்த பள்ளத்துல தண்ணி ஓடுது, வரப்போ காஞ்சு கெடந்த எடம்! நான் நேரா ஓடப் பாத்தேன், அவர் விடல, மாமியார் கைய புடிச்சுக்கிட்டு வளைச்சு வளைச்சு மேடா பாத்து கூட்டிட்டு வந்தார், அங்கயே முழங்கால் அளவு. காசு குடுத்தா கைய மடக்கி திருப்பிக் குடுத்துட்டார். ஐயா, உங்க பேரக்கூட கேக்கல நாங்க. அன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் வரலன்னா என்ன ஆயிருக்கும்னு எங்க வீட்ல இன்னும் யாரும் வாய் விட்டு பேசல.

கரைல கடை போட்டிருந்த மௌசிக்கும் நன்றி, அங்க சித்தி, பெரியம்மாவ அப்படி தான் கூப்பிடுவாங்க. நடுங்கிட்டு நின்ன மாமியார உக்கார வச்சு, டீய கைல குடுத்து, முடி வேணுமான்னு கேட்டாங்க. மாமியார் அந்த நெலமைலயும் தலைய தொட்டுப் பாத்துக்கிட்டாங்க! அங்க பொரிக்கு அது தான் பேராம். நாலு டீ, நாலு பொரி, 80 ரூபா. போன் ஜீன்ஸ் பாக்கெட்ல நனைஞ்சு செத்துப் போச்சு, பர்ஸ் ரூம்ல, கைல இருந்த நோட்டெல்லாம் சேர்த்தும் 60 தான் தேறுச்சு. பரவால்ல போங்கன்னு கைய காட்டினாங்க. சாயங்காலம் போறப்போ கடை மூடியிருந்துச்சு, ராத்திரி எங்களுக்கு ட்ரெயின்.

யாராச்சும் சந்திப்பூர் போறீங்கன்னா சொல்லுங்க, 20 ரூபா குடுத்து விடணும்.