சேகரப் பொருளாளர் தம்பிக்கு

பாளையங்கோட்டை

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு, அண்ணன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக நீ கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆலயக் கூரைக்கு வாங்கிய கடன் நம் சபை வட்டாரமான சேகரத்தின் கழுத்தை நெரிப்பதும், கமிட்டியைக் கலக்காமல் நம் குருவானவர் ஐயர் வேலையைத் தொடங்கியதே அதற்குக் காரணம் என்பதும், போன அசன விருந்தில் அவருக்கு இலை போட முந்தியவர்களே இப்போது அவர் எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவதும் எனக்குத் தெரியும். தவறு அவருடையதுதான்; அதை மழுப்புவதற்காக நான் எழுதவில்லை.

கலகம் செய்த தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா எருசலேமை விட்டு, முகத்தை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு ஒலிவமலையில் அழுதுகொண்டே ஏறியதை இரண்டாம் சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வாசித்துப் பார். நாம் அதை ஒரு நல்ல ராஜாவுக்கு நேர்ந்த அநியாயமாகவே பிரசங்கங்களில் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் தாவீது தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லுவித்த பாவத்துக்காக, உன் வீட்டிலிருந்தே பொல்லாப்பு எழும்பும் என்று நாத்தான் தீர்க்கதரிசி முன்னமே சொல்லியிருந்தார். அந்த மலையில் தாவீது சுமந்தது தன் வினையின் பலனைத்தான். ஆலோசனையில் நிகரில்லாத அகித்தோப்பேல் அந்நேரம் எதிர்ப்பக்கம் போயிருந்தான். கூட வந்தவனோ காத் ஊரானாகிய ஈத்தாய், பெலிஸ்த நாட்டான். நீ நேற்று வந்தவன், திரும்பிப் போ என்று ராஜாவே சொல்லியும், செத்தாலும் பிழைத்தாலும் உம்மோடுதான் என்று தன் ஆட்களோடும் பிள்ளைகுட்டிகளோடும் கீதரோன் ஆற்றைக் கடந்தவன். தாவீது குற்றமற்றவர் என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தாயா?

தாவீதின் படைத்தலைவன் யோவாபை நினைத்துப் பார். உரியாவைப் போர்முனையில் நிறுத்தச் சொன்ன கடிதம் வந்தபோது அவன் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அப்சலோமை மெதுவாய் நடத்தச் சொன்ன கட்டளையை மட்டும் மீறி அவனைக் கொன்றான். கீழ்ப்படியக்கூடாத இடத்தில் கீழ்ப்படிந்து, கீழ்ப்படிய வேண்டிய இடத்தில் மீறியவனை ராஜபக்திக்கு உதாரணமாக யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். நாத்தானோ, நீயே அந்த மனுஷன் என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார்; பிறகு, தாவீது படுக்கையில் கிடந்த காலத்தில், சிங்காசனத்தை அவர் மகன் அதோனியா கைப்பற்ற முயன்றபோது அரண்மனைக்கு வந்து நின்றவரும் அவரேதான். கடிந்துகொள்வதற்கும் கூட நிற்பதற்கும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் தேவைப்படவில்லை.

நம் மண்ணிலும் இந்தச் சோதனை வந்ததுண்டு. 1820-இல் இங்கே வந்த மிஷனெரி ரேனியுஸ் ஐயர் 1835-இல் தம்மை அனுப்பிய மிஷன் சங்கத்தோடு முறிந்தபோது, அவரோடு போவதா, சங்கத்தோடு இருப்பதா என்று நம் உபதேசிமார் தவித்தார்கள். அவரோடு போனவர்களும் இருந்தவர்களும் தங்களை உண்மையுள்ளவர்களாகவே எண்ணியிருப்பார்கள். ஆகையால் விலகுகிறவனையெல்லாம் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். நம் ஐயர் காணிக்கைப் பணத்தைத் தன் வீட்டுக்கு எடுத்திருந்தாலோ, ஒரு எளியவனை ஒடுக்கியிருந்தாலோ, என் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். நீ பேராயரிடம் போகும்போது நானும் கூட வந்திருப்பேன். இது அவசரப்பட்டவர் பட்ட கடன்.

தாவீது தப்பிப்போய்ச் சேர்ந்த மக்னாயீம் ஊரில் 80 வயதுக் கிழவர் பர்சிலா செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். பசியும் தாகமுமாய் வந்தவர்களுக்குக் கோதுமையும் வறுத்த பயறும் தேனும் வெண்ணெயும் மற்றவர்களோடு சேர்ந்து கொண்டுவந்தார். படுக்கைகளையும் மண்பாண்டங்களையும்கூட மறக்கவில்லை. ராஜா திரும்பும்போது அரண்மனைக்கு அழைத்தும், இந்த வயதில் எனக்கு ருசி தெரியுமா என்று சொல்லி ஊருக்கே போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போ. கமிட்டியைக் கேட்காமல் செய்தது தவறு என்று அவரிடமே சொல். வாசலில் நின்று சொல்லாதே, உள்ளே உட்கார்ந்து சொல். பிறகு யாருக்கு எவ்வளவு பாக்கி என்று இருவரும் எழுதுங்கள். கொத்தனார் கூலியை முதலில் எழுது.

அண்ணி விசாரித்தாள். அடுத்த அசனத்துக்கு இருவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்