பெட்டி போகும் தெருவுக்கும் ஒரு பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய வரிகளில் தமிழ்நாட்டின் பங்கு குறைந்துபோனது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 12-ஆவது நிதிக்குழு காலத்தில் 5.305 சதவீதமாக இருந்தது, 15-ஆவது நிதிக்குழுவில் 4.079 சதவீதம் ஆகிவிட்டது. இதை யாராவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கட்டுரை டெல்லியில் தொடங்கி, கோட்டையோடு முடிந்துவிட்டது. கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் ரிப்பன் மாளிகையிலும் ஓர் அரசு இருக்கிறது, சென்னை மாநகராட்சி. குப்பை அள்ளுவது, வடிகால் தூர்வாருவது, தெருவிளக்கு எரிய வைப்பது எல்லாம் அதன் தலையில்தான். அதற்கு என்ன பங்கு என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் 29 வருடம் வேலை பார்த்தவள். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவம், போடுவது என் வேலை. வரி எங்கிருந்து வருகிறது என்பதை ஏட்டில் படித்ததைவிட, விரலால் தட்டித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாய். அடிப்படைச் சுங்கத் தீர்வை 10 சதவீதம் என்றால் 10,000. அந்தத் தீர்வையின் மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், 1,000. ஆக 1,11,000. அதன் மேல் இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 19,980. மொத்தம் 30,980 ரூபாய் கட்டினால்தான் சரக்கு இருக்கும் கன்டெய்னர் பெட்டி வெளியே வரும். ஐ.ஜி.எஸ்.டி.யில் மாநிலத்தின் பாதி, சரக்கு கடைசியில் எங்கே செலவாகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும். அது நியாயம்தான். அடிப்படைத் தீர்வை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான தொகுப்பில் சேரும். அந்த 10,000-த்தில் 41 சதவீதம், அதாவது 4,100, மாநிலங்களுக்கு. 15-ஆவது நிதிக்குழுவின் விகிதப்படி அதில் தமிழ்நாட்டின் பங்கு 167 ரூபாய். ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகப் போவதில் எனக்கு வருத்தமில்லை, அங்கேயும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். என் வருத்தம் நடுவில் இருக்கும் அந்த 1,000 ரூபாய் பற்றியது. வரியின் மேல் கூடுதலாகப் போடுவதற்கு செஸ், சர்சார்ஜ் என்று பெயர் வைத்துவிட்டால், அரசியல் சட்டத்தின் 270, 271-ஆவது பிரிவுகளின்படி மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை.

2004-இல் கல்விக்கென்று 2 சதவீதம் செஸ் வந்தபோது எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கூடியது. 2007-இல் உயர்கல்விக்கு இன்னொரு 1 சதவீதம், இன்னொரு கட்டம். 2018-இல் இரண்டையும் எடுத்துவிட்டு இந்த 10 சதவீத சர்சார்ஜ். கட்டத்தின் பெயர் மாறியது, பணம் போகும் இடம் மாறவில்லை. பெட்ரோலும் அப்படித்தான். 2021 பிப்ரவரியில் லிட்டருக்கு 32.90 ரூபாய் மத்தியத் தீர்வை. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைத் தீர்வை வெறும் 1.40 ரூபாய்.

சரி, இப்போது என் தெருவுக்கு வருகிறேன். திருவொற்றியூரில் எங்கள் தெரு டி.எச். ரோட்டில் போய்ச் சேரும் முனையில் ஒரு டிரெய்லர் வண்டி திரும்பும்போது பின் சக்கரம் ஏறி, வடிகால் மேல் போட்டிருந்த சிமென்ட் பலகை இரண்டாகப் பிளந்தது. மளிகைக்கடைத் தம்பி ஒரு முருங்கைக் கொம்பை அதில் நட்டு, என்னுடைய பழைய சிவப்பு ஜாக்கெட்டைக் கட்டிவிட்டார். மழை பெய்தால் கொம்பு தெரியும், பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் அதில் இறங்கிவிட்டார். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். கூடையை மட்டும் தலையிலிருந்து விடவில்லை. வந்து பார்த்த பொறியாளர், "ஒதுக்கீடு வந்ததும் போட்டுடலாம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பலகை மாற இரண்டு மாதம் ஆனது. அந்த வண்டியில் இருந்த பெட்டிக்கு எத்தனை லட்சம் தீர்வை கட்டியிருப்பார்கள் என்று என்னால் மனக்கணக்காகவே சொல்ல முடியும். அதில் இந்த முனைக்கென்று ஒரு காசு கிடையாது.

இதற்குக் காரணம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த வரி மத்திய அரசுக்கு, எந்த வரி மாநிலத்துக்கு என்று ஏழாவது அட்டவணை எழுதி வைத்திருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகராட்சிகளுக்கென்று 12-ஆவது அட்டவணையில் 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. ஆனால் எந்த வரி நகராட்சிக்கு என்று எங்கேயும் பட்டியல் இல்லை. மாநிலம் மனது வைத்துக் கொடுப்பதுதான்.

மாநகராட்சியின் கையில் இருக்கும் வரிகளுக்கும் கட்டுப்பாடு. தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 276-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உச்சவரம்பு 1988-இல் வைத்தது. அன்றைக்கு ஒரு டீ என்ன விலை, இன்றைக்கு என்ன விலை! சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். மாதம் 13,000 சம்பளத்துக்குத் துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்ணும் அதே 1,250 கட்டுகிறாள், மாதம் 5 லட்சம் வாங்கும் அதிகாரியும் அதே 1,250 கட்டுகிறார். மேலே கூட்ட வழியில்லாததால் கீழே இருப்பவர்கள்தான் சுமக்கிறார்கள். இது என் மனதை மிகவும் உறுத்துகிறது.

அப்புறம் ரயில்வே நிலம். தண்டையார்பேட்டை யார்டு, பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் பணிமனைகள் என்று வடசென்னையில் அதற்கு இருக்கும் இடம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசின் சொத்துக்கு உள்ளூர் சொத்து வரி கிடையாது என்பது 285-ஆவது பிரிவு. சேவைக் கட்டணம் என்று குறைவான ஒரு தொகைதான் கேட்க முடியும். மீதிக்கு எங்களைப் போன்றவர்களின் வீடுதான். 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது மாநில அரசைத் திட்டினோம். நகரங்களுக்கான மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்?

கூட்டாட்சி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லாதீர்கள். என் அண்ணன் மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். அந்த நாட்டில் வருமான வரியில் மத்திய அரசுக்கு 42.5 சதவீதம், மாநிலங்களுக்கு 42.5 சதவீதம், மீதி 15 சதவீதம் ஊராட்சி, நகராட்சிகளுக்கு. உள்ளாட்சிக்கு ஒரு பங்கு உண்டு என்று அங்கே அரசியல் சட்டமே சொல்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் கட்டும் வருமான வரியை வைத்துத்தான் ஒவ்வோர் ஊருக்கும் பங்கு கணக்காகிறது. "அத்தை, நான் கட்டுற வரியில ஒரு பங்கு என் ஊருக்கே வருது" என்று அவள் சொன்னபோது எனக்கு அந்தச் சிவப்பு ஜாக்கெட்தான் ஞாபகம் வந்தது. ஸ்விட்சர்லாந்தில் ஊராட்சியே வருமான வரி போடுகிறது. மத்திய அரசின் வருமான வரி 11.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கே அரசியல் சட்டமே கை கட்டி வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மத்திய அரசு வசூலிக்கும் ஜி.எஸ்.டி. முழுவதும் மாநிலங்களுக்குப் போகிறது.

ஜி.எஸ்.டி. விகிதங்களைப் பேசி முடிவு செய்யும் நம் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் வாக்கில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கு. மாநகராட்சிகளுக்கு அங்கே நாற்காலியே இல்லை. ஜி.எஸ்.டி.யில் இத்தனை சதவீதம் உள்ளாட்சிக்கு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. செஸ், சர்சார்ஜ் பணத்தையும் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். தொழில் வரியின் உச்சவரம்பை உயர்த்தி, கீழே இருப்பவர்களின் சுமையைக் குறைக்க வேண்டும். டெல்லியிடம் பங்கு கேட்கும் நம் மாநில அரசும், அதே நியாயத்தோடு மாநகராட்சிக்கு உரியதைத் தவணை தவறாமல் கொடுக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பட்ஜெட் மறுநாள் ஒரு ரூபாய் நாணயத்தைத் துண்டு துண்டாக்கி, பணம் எங்கே போகிறது என்று படம் போடுவீர்கள். அடுத்த முறை அதன் பக்கத்திலேயே மாநகராட்சிக்கும் ஒரு நாணயம் வரைந்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளியரிங் ஏஜென்சி ஊழியர்,
திருவொற்றியூர், சென்னை.